சீனி போடாத தேத்தண்ணி

அத்தியாயம் பதினொன்று

நேசமலர் சொன்ன பொய், அவளைக் கேட்காமலே ஊருக்குள் நடமாடத் தொடங்கிவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படியொன்றும் பெரிய பொய்யில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒருத்தி, "எங்க ரெண்டு பேரும் வெளிக்கிட்டு நிக்கிறியள்?" என்று கேட்டாள். "இவருக்குச் சீனி. கிளினிக்குக்குப் போறம்" என்று நேசமலர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற புருசனின் காதில் அது ஏறவே இல்லை.

அவர்கள் போனது மனநலக் கிளினிக்குக்கு. அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. விசர், பைத்தியம் என்ற சொல் ஒரு வீட்டுப் படலையில் ஒட்டிக்கொண்டால் எந்தச் சவர்க்காரம் போட்டும் கழுவ முடியாது என்பது அவளுடைய எண்ணம். சீனி வருத்தம், நீரிழிவு, அப்படியா? அது மரியாதையான வருத்தம். வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது. சொன்னால் ஒரு 'அச்சச்சோ'வும் ஒரு பிடி பாகற்காயும் கிடைக்கும், அவ்வளவுதான்.

கதைக்குள் இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரமலிங்கத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. இரணைமடுத் தண்ணீர் பாயும் இந்த ஊருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து காடு வெட்டிக் குடியேற வந்த தகப்பனின் தோளில் குந்தியிருந்து வந்தவர். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருடம் வாய்க்கால் எங்கே, பற்றை எங்கே என்று தெரியாமல் எல்லாரும் முழிசிக்கொண்டு நிற்க, முதல் ஆளாய் இறங்கி மண்வெட்டி போட்டவரும் அவர்தான். அன்று தொடக்கம் அவர்தான் வாய்க்கால் பிரதிநிதி. யாருக்கு எப்போது தண்ணீர், யாருடைய வயல் கதவைத் திறப்பது, யாருடையதைப் பூட்டுவது என்று தீர்ப்புச் சொல்கிற ஆள்.

போன வருடம் அவருக்கு ஒரு ஒப்பரேசன் நடந்தது. பாரம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் கொஞ்ச நாளைக்குத்தான் சொன்னார். மகன் விஜிதரன் அதை ஆயுள் முழுக்கவும் என்று எடுத்துக்கொண்டான். அப்பாவின் மண்வெட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினான். சைக்கிளைக் கொட்டிலுக்குள் பூட்டினான். "இனி நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ அப்பா" என்றான். வாய்க்கால் வேலை ஊர்க்காரர் யோகலிங்கத்தின் கைக்குப் போனது. பிள்ளை என்றால் இப்படியல்லோ இருக்க வேணும் என்று ஊர் விஜிதரனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நேசமலருக்கும் பெருமை பிடிபடவில்லை.

இருந்து சாப்பிட்ட மனிதர் முதலில் சிரிப்பதை விட்டார். பிறகு முகம் வழிப்பதை விட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. விடியுமுன்னமே முழித்துக் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். ஒருநாள், "நான் இருந்தென்ன, போயென்ன" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் நேசமலர் திருப்பி இரண்டு சொல் சொல்லியிருப்பாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்வதுபோல் சொன்னார். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் குளிசையும் கொடுத்து, றினோஸா என்கிற உளவளத்துணையாளரிடமும் அனுப்பி வைத்தார்.

முன்கதை இவ்வளவுதான். இனி இன்றைய காலைக்கு வருவோம்.

இன்றைக்குச் சிறுபோகக் கூட்டம். குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு யார் யார் எவ்வளவு விதைக்கலாம் என்று பேசி, வாய்க்கால் பிரதிநிதியையும் தெரிவு செய்கிற நாள். குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்த பரமலிங்கம் தேத்தண்ணியை ஒரு முறடு குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையை உற்றுப் பார்த்தார்.

"நேசம், ஒண்டு கேக்கவேணும். எங்கட வீட்டுத் தேத்தண்ணி மட்டும்தான் இனிக்குது. என்ன விஷயம்?"

நேசமலரின் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது.

நேற்று இளையதம்பி வீட்டில் சீனியில்லாத தேத்தண்ணி தந்தார்களாம். முந்தநாள் ஹமீட்டின் கடையிலும் அப்படித்தானாம். பணிஸ் ஒன்று கேட்டதற்கு ஹமீட் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம், "வேண்டாம் அண்ணை, எனக்குப் பாவம் வந்து சேரும்" என்றானாம். சீனிக்குத் தட்டுப்பாடோ என்று பரமலிங்கம் கேட்டார்.

ஊர் அவருக்குச் சீனியை நிற்பாட்டி மாதக்கணக்காகிறது. அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. இவ்வளவு காலமும் வெந்நீரைக் கொடுத்திருந்தாலும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்திருப்பார். நாக்குத் திரும்பி வந்துவிட்டது. நேசமலருக்கு அடுப்படியில் நின்று கும்பிட வேண்டும்போல் இருந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியில் பாதி நிறைவேறிவிட்டது. அதேநேரம், இந்த மனிசன் கெட்டித்தனமாய் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் தன்னுடைய கதி என்ன என்றும் நினைத்தாள்.

"இப்ப எல்லா வீட்டிலையும் குறைச்சுத்தான் போடுகினம்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"என்னத்தைக் கொண்டு சொல்லுறாய்?"

எந்த ஆதாரத்தில் என்று கேட்கிற இந்தக் கேள்வி றினோஸாவிடம் படித்து வந்தது. றினோஸா முல்லைத்தீவுப் பிள்ளை. முக்காட்டுக்குள் சின்ன முகம், சின்னக் குரல். இந்தப் பிள்ளை என்னத்தைக் கதைத்து இந்த மனிசனை மாற்றப்போகிறது என்று முதல் நாள் நேசமலருக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. புத்திமதி சொல்லும் என்று பார்த்தால் அதுவும் சொல்லவில்லை. பரமலிங்கம் கல்லுப்போல் இருந்தார். அந்தப் பிள்ளையும் அவசரப்படாமல் கூடவே இருந்தது. ஐயாவுக்கு நல்ல நாள் எண்டால் எப்பிடி இருக்கும் என்று கடைசியில்தான் கேட்டது. "குளத்துத் துருசு திறந்து வாய்க்காலுக்குத் தண்ணி வாற நாள்" என்றார் அவர்.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு றினோஸா வேலை தொடங்கினாள். முதலில் வாய்க்கால் வரைக்கும் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும். மனம் வந்தபிறகு போகலாம் என்று இருக்கக் கூடாது, போனால்தான் மனம் பின்னால் வரும் என்றாள். அது பழகியதும் ஒரு கதவடியில் புல்லுப் பிடுங்க வேண்டும், பிறகு வழியில் காணும் ஒருவரோடு நின்று கதைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாய்க் கூட்டிக்கொண்டு போனாள். "என்னாலை ஒண்டும் ஏலாது மிஸ்" என்று அவர் சொல்கிற ஒவ்வொரு தடவையும், "என்னத்தைக் கொண்டு சொல்லுறியள் ஐயா?" என்று திருப்பிக் கேட்டாள். கோட்டிலை விசாரிக்கிற மாதிரி விசாரிக்குது எண்டு வீட்டுக்கு வந்து முறைப்பாடு சொன்னவர், கொஞ்சக் காலத்தில் அதே கேள்வியை வீட்டில் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கிவிட்டார். மழை வரும்போல இருக்கு என்றால் கேட்பார். மீன் நல்லதாம் என்றால் கேட்பார்.

இந்தக் கிழமைக்கு றினோஸா கொடுத்த வேலை, கூட்டத்தில் எழும்பி ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பது. ஒன்று போதும், அது எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தாள்.

ஆனால் இளையதம்பி அதற்கு மேல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இளையதம்பியின் காணி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. போன சிறுபோகம் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் ஒழுங்காய்ப் போய்ச் சேரவில்லை, பயிர் பால் பிடிக்கிற நேரம் கருகிவிட்டது. "நீங்கள் திரும்ப வாங்கோ அண்ணை, உங்கட பேரை நான் சொல்லுறன்" என்று முந்தநாள் வீடு தேடி வந்து கேட்டார். பரமலிங்கம் உடனே சரி சொல்லவில்லை. பாப்பம் என்றார். பாப்பம் என்ற சொல் அவருடைய வாயால் வந்ததே நேசமலருக்குப் பெரிய விஷயம்.

விஜிதரனுக்கு அது பிடிக்கவில்லை. குசினிக்குள் வந்து, தகப்பனுக்குக் கேட்காத குரலில் தாயோடு மல்லுக்கட்டினான்.

"சனம் என்ன கதைக்கும் அம்மா? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்க, அப்பா வெயிலுக்கை வாய்க்கால் வழிய திரியிறதோ?"

இதே பெருமையை நேசமலரும் ஒருநாள் றினோஸாவிடம் அவிழ்த்து வைத்தவள்தான். ஒரு துரும்பும் தூக்க விடுறேல்லை மிஸ், ராசா மாதிரி வைச்சிருக்கிறம் என்றாள். பிள்ளை மெச்சும் என்று பார்த்தாள். றினோஸா மெதுவாய்க் கேட்டாள், "அப்ப ஐயா விடிய என்னத்துக்கு எழும்பவேணும் அம்மா?" அன்றைக்கு வீடு வரும்வரை பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கேள்வியை இப்போது மகனிடம் கேட்டாள். பிறகு சேர்த்துச் சொன்னாள், "நாங்கள் மரியாதை எண்டு நினைச்சுத்தான் தம்பி எல்லாத்தையும் பறிச்சது. அவருக்கு ஒண்டையும் மிச்சம் விடேல்லை."

பறித்தது என்ற சொல் விஜிதரனைச் சுட்டுவிட்டது. அவன் அப்பாவில் உயிரை வைத்திருப்பவன். அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். கூட்டத்துக்கு வருகிறானா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

பரமலிங்கம் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, முற்றத்தில் வந்து நின்றார். சேட்டு உடம்பில் தொளதொளத்தது. ஆனாலும் நேசமலர் ஒருதடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் சைக்கிளும் மோட்டார்சைக்கிளுமாய் நிறைந்திருந்தது. பங்குனி வெயில், தகரக் கூரை, கேட்கவும் வேண்டுமா? ஆண்கள் முன்னால் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாய். ஓரமாய் மேசை போட்டு யோகலிங்கத்தின் மனைவி விமலேஸ்வரி தேத்தண்ணிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். தட்டத்தில் இரண்டு கோப்பைகளை மட்டும் தனியாய் எடுத்து வைத்திருந்தாள். இரண்டும் சீனியில்லாதவை. ஒன்று பரமலிங்கத்துக்கு, மற்றது அவளுடைய புருசனுக்கு.

யோகலிங்கத்துக்கும் சீனி. நேசமலரின் பொய் பரவிய கையோடு விமலேஸ்வரி பாகற்காயோடு வந்து, "எங்கட வீட்டிலையும் உதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யோகலிங்கம் கழுத்தெலும்பு தெரிய மெலிந்துவிட்டார். முன்பெல்லாம் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவர், இப்போது தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். சீனி கூடினால் அப்படித்தான் என்று ஊர் சொன்னது.

செயலாளர் வரவேற்று, போன கூட்டத்தின் முடிவுகளை வாசித்து, குளத்து நீர்மட்டம் சொல்லி, விதைக்கிற அளவில் இரண்டு பேர் சண்டை பிடித்து, அது ஒருவழியாய் அடங்கி, பிறகுதான் பிரதிநிதித் தெரிவு வந்தது. இளையதம்பி சொன்னபடி எழும்பினார். பரமலிங்கத்தின் பேரை முன்மொழிந்தார்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. யோகலிங்கம் எழும்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குரலில் குத்தல் இல்லை. பரமலிங்கம் அண்ணை இந்த வாய்க்காலுக்குச் செய்ததை ஒருவரும் மறக்கேலாது என்றுதான் தொடங்கினார். ஆனால் இனி அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அவரை இந்தச் சேற்றுக்குள் இறக்குவது பாவம் என்றார்.

"அண்ணையாலை இனி உது ஏலாது" என்று முடித்தார்.

பலர் தலையாட்டினார்கள். அவ்வளவும் அன்பான தலையாட்டல். அந்த அன்பைப் பார்க்க நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஆளுக்காள் அன்பு காட்டித்தானே அந்த மனிசனைக் கட்டிலில் போட்டோம் என்று நினைத்தாள்.

பரமலிங்கம் எழும்பினார். முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒரு வசனம், ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இருந்துவிடுங்கோ என்று நேசமலர் மனதுக்குள் கெஞ்சினாள்.

"என்னத்தைக் கொண்டு சொல்லுறாய் தம்பி?"

தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்ப்பதுபோல் பரமலிங்கம் நின்றார். பிறகு குரல் கொஞ்சம் தெளிந்தது. கடைசிக் கதவு வரைக்கும் நாளாந்தம் நடந்து பார்த்துவிட்டு வருவதாகவும், எங்கே மண் மூடியிருக்கிறது, எங்கே புல் அடைத்திருக்கிறது என்று கேட்டால் சொல்வதாகவும் சொன்னார். "ஏலாது எண்டு நானும்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். நீ என்னத்தைக் கொண்டு சொல்லுறாய்?"

யோகலிங்கம் சங்கடப்பட்டார். "எனக்கென்ன அண்ணை, உங்கட வீட்டிலைதான் சொன்னவை. உங்களுக்குச் சீனி எண்டு. சீனிக்காரர் சேத்துக்கை காலை வைச்சுச் சின்னக் காயம் வந்தாலும் காலை எடுக்கவேண்டி வரும். நானும் சீனிக்காரன், எனக்குத் தெரியாதே?"

மண்டபத்தின் முகங்கள் எல்லாம் பெண்கள் பக்கம் திரும்பின. நேசமலரின் பொய் இத்தனை மாதம் ஊரைச் சுற்றி வந்து, இன்றைக்குச் சபை நடுவில் புருசனின் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நேசமலர் நிலத்தைப் பார்த்தாள். எந்த நாளில் எதைச் செய்து வைத்திருக்கிறேன், அம்மாளாச்சி என்று நினைத்தாள். இந்த மனிசன் இப்போது இருந்துவிட்டால் இனி எழும்ப மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாய்த் தெரிந்தது.

பரமலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு ஓரத்து மேசையில் தனியாய் இருந்த கோப்பைகளைப் பார்த்தார். ஹமீட் திறக்காத கண்ணாடிப் பெட்டி, இளையதம்பி வீட்டுத் தேத்தண்ணி எல்லாம் அவருடைய முகத்தில் வந்துபோவதை அவள் கண்டாள்.

"எனக்குச் சீனி இல்லை" என்றார். "எனக்கு வருத்தம் மனதிலை. விடிஞ்சால் எழும்ப மனமில்லை, சாப்பிட மனமில்லை. உயிரோட இருக்கவும் மனமில்லாமல் கிடந்தனான். அதுக்குத்தான் கிளினிக்குக்குப் போறன். குளிசை தருகினம். ஒரு பிள்ளை இருந்து என்னோட கதைக்குது. கதைச்சுக் கதைச்சுத்தான் அது என்னை எழுப்பினது. இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறன்."

பிறகு சேர்த்துச் சொன்னார், "சீனி எண்டு சொல்லச் சொன்னது நான்தான். வெக்கத்திலை அப்பிடிச் சொல்லச் சொன்னனான்."

நேசமலர் தலையை நிமிர்த்தினாள். பொய்யே வராத அந்த வாயால், ஊர் பார்க்க, அவளுக்காக ஒரு பொய். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிசனில் அவளுக்கு இப்படியொரு பெருமை ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினாள். கமக்காரர் கூட்டத்தில் அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"அவர் சொல்லச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். வெக்கப்பட்டது நான். அவர் வெக்கப்படாமல் ஒவ்வொரு முறையும் வெளிக்கிட்டு வந்தவர்."

பின்வரிசையில் யாரோ அந்தச் சொல்லை மெல்லச் சொன்னார்கள். விசர் என்ற சொல் நேசமலரின் காதில் விழத்தான் செய்தது. இத்தனை மாதமும் அதற்குத்தானே நடுங்கினாள். விழுந்தது, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பரமலிங்கமும் நின்றார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். முன்மொழிந்த பேரை வழிமொழிய ஒருவர் வேண்டும், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. விசிறி மட்டும் கறகற என்று சுற்றியது. மனவருத்தக்காரருக்குக் கை தூக்கினால் நாளைக்கு என்ன கதை வருமோ என்று ஆளையாள் பார்த்தார்கள். செயலாளர் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்டும் ஆள் இல்லாவிட்டால் பேர் விழுந்துவிடும்.

"நான் வழிமொழியிறன்."

குரல் வாசலில் இருந்து வந்தது. விஜிதரன். எப்போது வந்து நின்றான், எவ்வளவைக் கேட்டான் என்று யாருக்கும் தெரியாது. கண் சிவந்திருந்தது. வெயிலில் மோட்டார்சைக்கிள் ஓடி வந்ததால் என்று வேண்டுமானால் நாம் வைத்துக்கொள்வோம்.

ஆர் கதைக்கிறது, பேரைச் சொல்லுங்கோ என்றார் செயலாளர். தெரிந்த ஆள்தான், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"பரமலிங்கத்தின்ர மகன் விஜிதரன்." ஒவ்வொரு சொல்லாய் அழுத்திச் சொன்னான். பிறகு தகப்பனைப் பார்த்து, சபைக்காக இல்லாத குரலில், "மண்வெட்டியைப் பரணாலை இறக்கிப்போட்டுத்தான் அப்பா வாறன். பிடி உலர்ந்துபோய்க் கிடக்கு, எண்ணெய் பூசவேணும்" என்றான்.

கை தூக்கச் சொன்னார்கள். கடைசிக் காணிக்காரர் எல்லாரும் முதலில் தூக்கினார்கள். நடுவில் இருந்தவர்கள் கொஞ்சம் யோசித்துத் தூக்கினார்கள். வாய்க்காலின் தொடக்கத்தில் காணி உள்ளவர்களில் சிலர் தூக்கவில்லை. அதை ஒளிக்க வேண்டியதில்லை, எல்லாரும் ஒரேநாளில் மாறிவிடுகிற ஊர் எங்கும் இல்லை. ஆனாலும் எண்ணிப் பார்க்கத் தேவைப்படாத அளவுக்குக் கைகள் நின்றன. பரமலிங்கம் கதிரையில் இருந்து, நெற்றியைத் துடைத்தார். பக்கத்தில் போன மனைவியிடம், "மிஸ் ஒரு வசனம் எண்டுதான் சொன்னவா. கூடிப்போச்சு" என்று மெல்லச் சொன்னார். நேசமலர் ஊர் பார்க்கச் சிரித்தாள்.

தேத்தண்ணி நேரம். விமலேஸ்வரி பழக்கதோசத்தில் தனியாய் வைத்த கோப்பையைப் பரமலிங்கத்துக்கு எடுத்தாள். நேசமலர் நேரே மேசையடிக்குப் போனாள்.

"சீனிப் போத்திலைத் தா பிள்ளை."

வாங்கி, ஒரு கரண்டி போட்டாள். பிறகு இன்னொரு கரண்டியும் போட்டாள். கோப்பையின் அடி வரைக்கும் கரண்டியை விட்டு, மண்டபத்தில் பாதிப்பேருக்குக் கேட்கும்படி கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பரமலிங்கம் ஒரு முறடு குடித்து, கண்ணை மூடி, இன்னொரு முறடு குடித்தார். இளையதம்பியும் மற்றவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டு தண்ணீர்முறை கேட்கத் தொடங்கினார்கள். தகப்பனுக்குப் பக்கத்தில் விஜிதரன் நின்றான். அவர் கதைக்கும்போது அவன் குறுக்கே பேசவில்லை.

போத்திலைத் திருப்பிக் கொடுக்க நேசமலர் மேசையடிக்கு வந்தாள். அங்கே யோகலிங்கம் நின்றார். தோற்ற கோபம் முகத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். அது இல்லை. மெலிந்த முகத்தில், விடியுமுன் முழித்துக் கூரையைப் பார்த்துக் கிடக்கிற ஒருவரின் கண்கள் இருந்தன. அந்தக் கண்களை நேசமலருக்கு நல்லாய்த் தெரியும். வீட்டில் பார்த்த கண்கள்.

"அக்கா" என்றார், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில். "உந்தக் கதைக்கிற பிள்ளை என்ன நாளிலை வாறவா?"

"புதன்கிழமையிலை. ஆருக்குத் தம்பி?"

யோகலிங்கம் தட்டத்தில் தனித்துக் கிடந்த தன்னுடைய கோப்பையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

விமலேஸ்வரி நேசமலரின் முகத்தைப் பார்க்காமல், "இவருக்கும் சீனி இல்லை அக்கா" என்று கையை நீட்டினாள். சீனிப் போத்திலை வாங்கி, மூடியைத் திறந்து, புருசனின் கோப்பைக்குள் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்.